காதல் படம் என்று நிறுத்தினீர்கள்: எங்கள் தமிழ்ப் பள்ளி நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பின்னேரம் போடுவதாக இருந்த 'லெஸ்கீவ்' என்ற பிரெஞ்சுப் படத்தை நிறுத்திவிட்டதாகப் பெற்றோர் வாட்சப் குழுவில் அறிவித்திருக்கிறீர்கள். காரணம் என்று ஒரே வரி: காதலை மையமாகக் கொண்ட படம் எமது பண்பாட்டுக்குப் பொருந்தாதாம். மண்டபம் எடுத்தாகிவிட்டது. பிரான்சில் பொது இடத்தில் இலவசமாகப் படம் போடுவதென்றாலும் உரிமைப் பணம் கட்ட வேண்டும். அதையும் உங்கள் சம்மதத்தோடுதான் கட்டினோம். கோடை விடுமுறைக்கு முந்திய கூட்டத்தில் நான் கதையைச் சொன்னபோது ஒருவரும் மறுக்கவில்லை. பிறகு தொலைபேசியில் உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "மாஸ்டர், அது அரபுப் பெடியளின்ர படம். எங்கட பிள்ளையளுக்கு அதில என்ன கிடக்கு?"

அந்தக் கேள்விக்கு வாட்சப்பில் பதில் எழுதி முடியாது. தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தால் அது உங்கள் அறைக்குள்ளேயே நின்றுவிடும். எல்லாப் பெற்றோரும் வாசிக்கட்டும் என்றுதான் திறந்து எழுதுகிறேன்.

முதலில் படத்தைப் பற்றி. உங்களில் எத்தனை பேர் அதைப் பார்த்தீர்கள் என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. 2004 ஜனவரியில் வெளியான படம். இயக்கியவர் அப்தெலாதிஃப் கெஷிஷ். துனிஸில் பிறந்து, சின்ன வயதிலேயே நீஸ் நகருக்கு வந்து வளர்ந்தவர். எடுக்கப்பட்ட இடம் பாரிஸின் வடக்குப் புறநகரான சான்-துனியின் ஃபிராங்-முவாசான் குடியிருப்பு. எங்கள் பிள்ளைகளில் சிலர் தினமும் அந்தக் கட்டடங்களைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். காசு அதிகம் இல்லாமல், சிறிய கமெராவில், பெரும்பாலும் முன்பின் நடித்திராத பிள்ளைகளை வைத்து எடுத்தார்கள். 2005 பெப்ரவரியில் பிரெஞ்சுச் சினிமாவுக்கான சேஸார் விருது விழாவில் சிறந்த படம், சிறந்த இயக்கம், சிறந்த திரைக்கதை, நம்பிக்கை தரும் இளம் நடிகை என்று நான்கு விருதுகளையும் அதுதான் வாங்கியது. அந்த வருடம் பிரான்சே திரண்டு பார்த்த 'லே கோரிஸ்த்' உட்படப் பெரிய படங்களைத் தாண்டித்தான் வாங்கியது.

கதை சின்னக் கதை. கிரிமோவுக்குப் பதினைந்து வயது. தகப்பன் சிறையில், தாய் வேலைக்குப் போகிறாள். அதிகம் கதைக்காத பையன். அதே குடியிருப்பில் இருக்கும் லிடியா பள்ளிக்கூட நாடகத்தில் நடிக்கிறாள். அதற்காகத் தையற்காரரிடம் பழங்காலத்துச் சீமாட்டி உடுப்பு ஒன்று தைப்பிக்கிறாள். காசு போதவில்லை, கிரிமோவிடம் கடன் கேட்கிறாள். நிலம் கூட்டும் அந்தப் பாவாடையை இரு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விசிறியோடு, சீமெந்துக் கட்டடங்களுக்கு நடுவே அவள் நடந்து வருவதைப் பார்த்த பின் கிரிமோவுக்கு வேறு நினைவு இல்லை. அவளோடு நிற்க வேண்டும் என்பதற்காகவே, நாடகத்தில் ஆர்லக்கன் என்ற வேலைக்காரன் வேடத்தில் இருந்த ரஷீதுக்குத் தன்னிடமிருந்த பொருட்களைத் தூக்கிக் கொடுத்து அந்த வேடத்தை வாங்கிவிடுகிறான். ஆனால் அவனுக்கு நடிக்க வராது. வசனம் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஒத்திகையில் ஒருமுறை முத்தமிடப் பார்க்கிறான், லிடியா விலகிவிடுகிறாள். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, யோசிக்க வேண்டும் என்கிறாள். படத்தின் மிச்சம் முழுவதும் அந்தப் பதிலுக்காக ஊரே சண்டை பிடிப்பதுதான். உங்கள் அறிவிப்பு பயந்த 'காதல்' இவ்வளவுதான். எங்கள் ஆண்டு விழாவில் பத்து வயதுப் பிள்ளைகள் இடுப்பை ஆட்டி ஆடிய சினிமாப் பாட்டுக்குக் கைதட்டிய மண்டபம்தான் இதுவும்.

அவர்கள் நடிக்கும் நாடகம் எது தெரியுமா? மாரிவோ எழுதிய 'காதலும் தற்செயலும் ஆடும் ஆட்டம்'. 1730 ஜனவரியில் பாரிஸில் இத்தாலிய நடிகர் குழு முதலில் மேடையேற்றியது. சில்வியா என்ற செல்வந்தர் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். அவன் எப்படிப்பட்டவன் என்று மறைவாகப் பார்க்க, தன் வேலைக்காரி லிசெத்தோடு உடுப்பை மாற்றிக்கொள்கிறாள். மாப்பிள்ளை தொராந்தும் அதே யோசனையோடு தன் வேலைக்காரன் ஆர்லக்கனை எசமானாக்கி, தான் வேலைக்காரனாக வருகிறான். விஷயம் தெரிந்தவர்கள் பெண்ணின் தகப்பனும் தமையனும் மட்டும். இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் வேடிக்கை பார்க்கிறார்கள். (கலியாணம் பேசுவதில் தகப்பன்மார் எந்த நாட்டிலும் ஒரே ஆட்கள்தான் போலும்.) கடைசியில் வேலைக்காரன் வேலைக்காரியையே விரும்புகிறான், எசமான் எசமானியையே விரும்புகிறான்.

படத்தில் பிரெஞ்சு ஆசிரியை இதைத்தான் பிள்ளைகளுக்குப் பிடித்துக் காட்டுகிறார். உடுப்பை மாற்றினாலும் பேச்சும் பழக்கமும் மாறாது. பணக்காரர் பணக்காரரையும் ஏழை ஏழையையும்தான் விரும்பும்படி ஆகிவிடுகிறது. பிறந்த நிலைமைக்குள் நாம் எல்லோரும் சிறைப்பட்டிருக்கிறோம் என்கிறார். பிறகு அதே ஆசிரியை கிரிமோவைப் பார்த்து, உனக்குள்ளிருந்து வெளியே வா என்று கத்துகிறார். சிறையிலிருந்து வெளியேற வழியில்லை என்று பாடம் நடத்திவிட்டு, வெளியே வரத் தெரியவில்லை என்று பிள்ளையை ஏசுகிறார். இந்தக் காட்சியை வைத்துத்தான் அன்று பிள்ளைகளோடு வாதாட நினைத்தேன். ஏனென்றால் அந்த ஆசிரியை நாடகத்தில் ஒரு விஷயத்தைத் தவிர்த்துவிடுகிறார். தொராந்து, தான் விரும்பும் பெண் உண்மையிலேயே வேலைக்காரி என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே அவளைக் கலியாணம் செய்யக் கேட்கிறான். சில்வியாவுக்கு அவன் யார் என்று இரண்டாம் அங்கத்தின் முடிவிலேயே தெரிந்துவிடுகிறது. அவளோ தான் யார் என்பதைச் சொல்லாமல், அவன் அந்தக் கேள்வியைக் கேட்கும் வரைக்கும் வேடத்தைத் தொடர்கிறாள். அப்படியென்றால் யார் துணிந்தார், யார் பாதுகாப்பாக நின்று விளையாடினார்? பதினாறு வயதுப் பிள்ளைகள் இதைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. நீங்கள் அந்தப் பேச்சைத் தொடங்குமுன்னே நிறுத்திவிட்டீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். லிடியா நடிப்பது லிசெத் வேடம். அதாவது, மாடிக் குடியிருப்புப் பிள்ளை ஒருத்தி, சீமாட்டியாக நடிக்கும் வேலைக்காரியாக நடிக்கிறாள். படத்தில் பணக்காரர் ஒருவர்கூட வருவதில்லை. ஆசிரியையையும் காவல்துறையையும் விட்டால், வெளியிலிருந்து யாரும் அந்தக் குடியிருப்புக்குள் காலெடுத்து வைப்பதாகக் காட்டவே இல்லை. வர்க்கம் கடந்த காதல் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு வாடகை உடுப்புப் போல மேடையில் மட்டும் போட்டுப் பார்க்கக் கிடைப்பது. எங்கள் பிள்ளைகளுக்கும் நிலைமை அதுதானே? கொலேஜ், அதாவது பதினைந்து வயதுவரை படிக்கும் பள்ளிக்கூடம், எது என்பதை வீட்டு விலாசம் தீர்மானிக்கிறது. டிராம் டி1-இல் ஏறுகிறார்கள், அதே பகுதிப் பிள்ளைகளோடு படிக்கிறார்கள், சனி ஞாயிறு எங்களிடம் வருகிறார்கள். 2000 டிசம்பரில் வந்த சட்டம் நகரங்களில் குறிப்பிட்ட பங்கு சமூக வீடுகள் இருக்க வேண்டும் என்கிறது. பாரிஸை ஒட்டிய பணக்கார நுய்யி நகரம் இன்றைக்கும் அந்தப் பங்கின் பக்கத்தில்கூட வராமல் தண்டம் கட்டுகிறது. அங்குள்ள பிள்ளையை எங்கள் பிள்ளை எங்கே சந்திக்கும்?

கொலேஜின் கடைசி வகுப்பான துருவாசியெமில் ஒரு வாரம் எங்காவது வேலையிடத்தில் போய் இருந்து பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். என் மகன் அந்த வாரத்தை, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு மளிகைக் கடையில் கழித்தான். தெரிந்த இடம் அதுதான். முருங்கைக்காய்ப் பெட்டி அவிழ்த்து அடுக்கினான், வெற்றிலையை ஈரச் சாக்கில் சுற்றப் பழகினான், கடைக்காரர் நல்ல மனிதர், கடைசி நாள் இருபது யூரோ கொடுத்தார். அறிக்கையில் 'நான் கற்றுக்கொண்ட தொழில்கள்' என்ற பகுதிக்கு என்ன எழுதுவது என்று இரவு என்னிடம் கேட்டான். அவன் வகுப்பில் ஒருவர்கூட வழக்கறிஞர் அலுவலகத்துக்கோ கட்டட வரைஞர் அலுவலகத்துக்கோ போகவில்லை. கிரிமோ ஆர்லக்கன் வசனத்தை முணுமுணுக்கும்போது இந்தப் பிள்ளைகள் சிரிப்பார்கள்தான். பிறகு சிரிப்பை நிறுத்துவார்கள். அதற்காகத்தான் இந்தப் படம்.

கெட்ட வார்த்தை பற்றி உங்களில் சிலர் கவலைப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். உண்மை, படம் முழுக்க இருக்கிறது. பிள்ளைகள் கத்துகிறார்கள், சத்தியம் பண்ணுகிறார்கள், ஒருவர் தாயை ஒருவர் இழுக்கிறார்கள். இதை நான் முதல் கூட்டத்திலேயே சொன்னேன். ஆனால் அதே வாய்கள் அடுத்த நிமிடம் 1730-ஆம் ஆண்டின் பிரெஞ்சைத் தடங்கலில்லாமல் பேசுவதுதான் இந்தப் படத்தின் சுவையே. லிடியா ஒத்திகைக்குப் பிந்தி வந்ததற்காக அவளும் கூட நடிக்கும் ஃபிரிடாவும் போடும் சண்டையைப் பாருங்கள், மாரிவோவின் வசனத்துக்குக் குறையாத வேகம். பிள்ளைகள் இதைவிட மோசமானதை டிராமில் தினமும் கேட்கிறார்கள். தமிழிலும் நன்றாகவே ஏசுகிறார்கள், அதை யார் வீட்டில் பழகினார்கள் என்று நான் விசாரிக்கப் போவதில்லை.

பண்பாடு என்று எழுதியிருந்தீர்கள். சரி, பண்பாட்டைப் பற்றியே பேசுவோம். பள்ளியிறுதியான பக் தேர்வுக்குப் போகும் எங்கள் பிள்ளைகளின் பிரெஞ்சுப் பாடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? சில வருடங்களுக்கு முன்புவரை மாரிவோவின் இன்னொரு நாடகம் பட்டியலில் இருந்தது: 1737-இல் மேடையேறியது, காசிழந்த இளைஞன் ஒருவன் பணக்காரக் கைம்பெண் வீட்டில் நிர்வாகியாக வேலைக்குச் சேர்ந்து அவள் மனதைப் பிடிக்கும் கதை. அதற்குப் பிறகு வந்த பட்டியலில் முஸ்ஸேயின் 1834-ஆம் ஆண்டு நாடகம் இருக்கிறது. அதில் ஒரு பிரபுவின் மகன், தான் விரும்பும் பெண்ணுக்குப் பொறாமை மூட்டுவதற்காக ரோசெத் என்ற கிராமத்துப் பெண்ணைக் காதலிப்பதாக நடிக்கிறான். அது விளையாட்டு என்று தெரிந்ததும் ரோசெத் செத்துப்போகிறாள். நான்கு மணி நேரம் உட்கார்ந்து இதைப் பற்றித்தான் எங்கள் பிள்ளைகள் கட்டுரை எழுதுகிறார்கள். 'ட்ரே பியேன்' (மிக நன்று) எடுத்தால் நீங்கள்தான் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துகிறீர்கள்.

வீட்டில் நாங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும் தமிழ்ப் படங்களில் பாதி, பணக்கார வீட்டுப் பெண்ணும் ஏழைப் பையனும் விரும்பும் கதைதான். அங்கே பையன் நாலு அடியாட்களை அடித்தால் வர்க்கம் போய்விடும். அதற்குப் பண்பாட்டுக் குறை இல்லை. யாரையும் அடிக்காமல், வசனம் மறந்து, வெட்கத்தில் ஓடிப்போகும் ஒரு பையனைக் காட்டினால் மட்டும் குறை வந்துவிடுகிறது.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நீங்கள் பயந்தது காதலுக்கு அல்ல. யார் யாரை விரும்பலாம் என்ற கணக்கை இந்தப் படம் வெளியே எடுத்துப் போடுகிறது. அந்தக் கணக்கை நாங்களும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

கடந்த ஆண்டு உயர்வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை நின்றுபோனாள். பெயர் வேண்டாம். கட்டுரை எழுதச் சொன்னால் பக்கம் போதாமல் ஓரத்தில் எழுதுபவள். அதே வகுப்பில் படித்த ஒரு பையனோடு ஸ்டேஷனில் நின்று கதைத்ததை யாரோ கண்டு உங்களிடம் சொன்னார்கள். நீங்கள் கூப்பிட்டு விசாரித்தது அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனை மட்டும். பையனின் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்புகூடப் போகவில்லை. பையனின் தகப்பனுக்குக் கடைகள் இருக்கின்றன, ஆண்டு விழா மலரின் பின்னட்டை அவருடைய விளம்பரம். பிள்ளையின் தகப்பன் இருபது வருடமாக ரெஸ்ரோறன்ற் ஒன்றில் கோப்பை கழுவுகிறார். காரணம் கேட்க நான் போனபோது தாய் சொன்னார்: "அவை கடைக்காரர், மாஸ்டர். நாங்கள் ஆற்ற என்ன எண்டு அவைக்குத் தெரியும். பிள்ளை படிச்சால் காணும்." இரண்டு குடும்பமும் தமிழ்க் குடும்பம்தான், இரண்டும் ஒரே அகதி விண்ணப்பப் படிவத்தை நிரப்பி வந்தவைதான். அந்தத் தாய்க்கு மாரிவோவைத் தெரியாது. ஆனால் படத்தில் ஆசிரியை வகுப்பெடுத்துச் சொன்னதை அவர் கதவடியில் நின்று சொல்லிவிட்டார்.

'ஆற்ற', யாருடைய ஆட்கள், என்று அவர் சொன்னதில் இருந்தது வர்க்கம் மட்டுமல்ல என்பது உங்களுக்கும் விளங்கும். எங்கள் சேர்க்கைப் படிவத்தில் 'தாயகத்தில் ஊர்' என்று ஒரு கட்டம், அதற்குப் பக்கத்தில் ஊருக்குள் எந்தப் பகுதி என்று கேட்கும் 'குறிச்சி' என்று இன்னொரு கட்டம். பிரான்சில் பிறந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கக் குறிச்சி எதற்கு? ஊரைச் சொன்னாலே சாதி பாதி தெரிந்துவிடும், குறிச்சியைச் சொன்னால் மீதியும் தெரிந்துவிடும், அதற்காகத்தான் அது இருக்கிறது. லாச்சப்பல் கடைகளில் கிடக்கும் இலவசப் பத்திரிகைகளின் மணமக்கள் பக்கத்தைப் புரட்டுங்கள். நாட்டுரிமை, சொந்த வீடு, அதற்கு முன்னால் சாதி. கடல் கடந்து வந்தவற்றில் அரிசி மூட்டையைவிட அது பத்திரமாக வந்திருக்கிறது.

வேடம் வாங்குவது பற்றியும் கேட்க வேண்டும். கிரிமோ தன் பொருட்களைக் கொடுத்து ஆர்லக்கன் வேடத்தை வாங்குகிறான், அது படத்தில் நகைச்சுவை. எங்கள் சென்ற ஆண்டு விழாவில் நாடகத்தின் நாயகன் பண்டாரவன்னியன் வேடம் ஒத்திகையின் நடுவில் ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குக் கைமாறியது. அந்த வாரம்தான் ஒலிபெருக்கிச் செலவை ஒருவர் பொறுப்பேற்றார். முதலில் வாளோடு நின்ற பிள்ளை கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாயாக, வசனமே இல்லாமல், மரத்துக்குப் பின்னால் நின்றது. அந்தப் பிள்ளையின் தகப்பன் இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் வந்து மண்டபத்தின் பின் சுவரோடு நின்று படம் பிடித்தார். முன் வரிசைக் கதிரைகளில் அனுசரணையாளர்களின் பெயர் ஒட்டியிருந்தது, சிலது நிகழ்ச்சி முடியும்வரை காலியாகவே கிடந்தது.

"அரபுப் பெடியளின்ர படம்" என்ற பேச்சுக்கு வருகிறேன். படத்தில் காவல்துறை ஒரு காரை வளைக்கும் காட்சி இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் காதல் பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகள். இழுத்து வெளியே விட்டு, கைகளைக் காரில் வைக்கச் சொல்லித் தடவிப் பார்க்கிறார்கள். ஃபிரிடாவிடம் இருப்பது நாடகப் புத்தகம். சேஸார் விருது கிடைத்த அதே 2005-இல், அக்டோபர் 27 அன்று, பாரிஸ் புறநகரான கிளிஷி-சூ-புவாவில் காவல்துறைக்குப் பயந்து ஓடி மின்மாற்றி நிலையத்துக்குள் ஒளிந்த ஸியத் பெனா, பூனா திராவோரே என்ற இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். பிறகு வாரக்கணக்கில் நாடு எரிந்ததை நாங்கள் சன்னலில் நின்று பார்த்தோம். எங்கள் பெடியன்களை ஸ்டேஷனில் மறித்துக் கடதாசி கேட்கும் காவலர் முதலில் 'நீ அரபா, தமிழா' என்று கேட்டுவிட்டா பையைத் திறக்கச் சொல்கிறார்? எங்கள் புறநகர் மாவட்டத்துக்குரிய 93 என்று தபால் இலக்கம் தொடங்கும் விலாசத்தை வேலை விண்ணப்பத்தில் பார்ப்பவர் பெயரை அதற்குப் பிறகுதான் பார்க்கிறார். அந்தப் பிள்ளைகளுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் நடுவில் நீங்கள் போடும் வேலி நாங்கள் மட்டும் நம்பிக்கொண்டிருக்கும் வேலி.

கிரிமோவாக நடித்த ஒஸ்மான் எல்கராஸ் பின்னாளில் வீடில்லாமல் தெருவில் வாழ்ந்ததைத் தானே புத்தகமாக எழுதி 2016-இல் வெளியிட்டார். லிடியாவாக நடித்த சாரா ஃபொரெஸ்தியே தொடர்ந்து நடித்து, 2011-இல் சிறந்த நடிகைக்கான சேஸாரும் வாங்கினார். ஒரே படத்திலிருந்து இரண்டு பாதை. எல்லாவற்றுக்கும் வர்க்கம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மனிதர் வாழ்க்கையில் வேறு ஆயிரம் இருக்கும். ஆனால் பிள்ளைகள் இதையும் தெரிந்துகொண்டு, ஆசிரியை சொன்னது சரியா பிழையா என்று தாங்களே பேசட்டும்.

படத்தின் முடிவில் நாடகம் நடக்கிறது, ரஷீத் மீண்டும் ஆர்லக்கனாக நடிக்கிறான், உள்ளே எல்லோரும் சிரிக்கிறார்கள். கிரிமோ வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்க்கிறான். நிர்வாகத்தினரே, எங்கள் விழாவிலும் வெளியே நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்களுக்கு அவர்கள் வராதவர்கள் என்ற கணக்கில் மட்டும் வருகிறார்கள்.

பெற்றோரின் பயத்தை நான் ஏளனம் செய்யவில்லை. நானும் ஒரு மகளுக்குத் தகப்பன். ஆள் தெரியாத நாட்டில் பிள்ளை கைமீறிப் போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதனால்தான் பெற்றோர் சம்மதக் கடிதம் வாங்கினேன். கையெழுத்திட்டுத் தந்தவர்கள்தான் பெரும்பாலானோர். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்தியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இனி என் கோரிக்கைகள்.

'லெஸ்கீவ்' படத்தை இந்தத் தவணை முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, பெற்றோர் சம்மதத்தோடு போட அனுமதி தர வேண்டும். கட்டிய உரிமைப் பணம் வீணாகாமல் திகதியை மாற்ற முடியுமா என்று விநியோகஸ்தரிடம் கேட்கும் வேலையை நானே செய்கிறேன். படம் முடிந்த பிறகு ஒரு மணி நேரக் கலந்துரையாடல் இருக்கும். விரும்பும் பெற்றோரும் நீங்களும் பின் வரிசையில் இருந்து கேட்கலாம், ஆனால் பிள்ளைகள் பேசும்போது இடையில் எழும்பி அறிவுரை சொல்லக் கூடாது. இந்தப் படம் கனதி என்று நினைத்தால், அதற்கு முந்திய வாரம் 2009-இல் வந்த 'நுய்யி சா மேர்' படத்தைப் போடலாம். ஷாலோன்-சுர்-சோன் நகரத்துக் குடியிருப்பில் வளர்ந்த சமி என்ற பையன் நுய்யியில் இருக்கும் சித்தியின் மாளிகைக்குப் போய், பணக்காரப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை விரும்பும் கதை. சிரித்துக்கொண்டே பார்க்கலாம், உங்களுக்கும் பிடிக்கும். ஆனால் அது 'லெஸ்கீவ்'வுக்குப் பதிலாக அல்ல.

படத்தை நிறுத்திய முடிவு எந்தக் கூட்டத்தில், யார் யார் இருந்தபோது எடுக்கப்பட்டது என்பதைக் கூட்டக் குறிப்போடு எல்லாப் பெற்றோருக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளை முடிவு செய்யும்போது உயர்வகுப்பு மாணவர் இருவர், ஒரு பெண்பிள்ளையும் ஒரு ஆண்பிள்ளையும், வாக்குரிமையோடு உட்கார வேண்டும். சேர்க்கைப் படிவத்திலிருந்து 'குறிச்சி', 'தாயகத்தில் ஊர்' என்ற இரண்டு கட்டங்களையும் எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் விபரங்களை அழிக்க வேண்டும். விழா நாடகங்களில் வேடத்தை நாடகம் பழக்குபவர் மட்டும் தீர்மானிக்க வேண்டும், ஒத்திகை தொடங்கிய பிறகு மாற்றக் கூடாது. முன் வரிசைக் கதிரைகளில் பெயர் ஒட்டுவதை விட்டுவிட வேண்டும். நின்றுபோன அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு, தாய் தகப்பனைக் கூப்பிட்டு விசாரித்தவர்களே போய், வகுப்புக்குத் திரும்ப வரும்படி கேட்க வேண்டும். பையனின் வீட்டுக்கும் போவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

நவம்பர் மாத நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த மடலைச் சேர்த்து, எழுத்தில் பதில் தாருங்கள். அதுவரை என் வகுப்பு வழக்கம்போல் நடக்கும். கூட்டத்துக்கு நானும், கையெழுத்திட்ட பெற்றோரில் வர விரும்புபவர்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
உயர்வகுப்புத் தொண்டாசிரியர், பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகளின் தகப்பன்